கழற்றிய துவக்கைப் பூட்ட முடியாமற் போவது ஏன்?

காலபோக அறுவடை முடிந்து, காவற் பரணிலிருந்து இறங்கிய பயிர்காப்புத் துவக்குகள் திருத்துநரைத் தேடி வரும் மாதங்கள் மாசியும் பங்குனியும். வன்னியில் அவ்வாறு வருபவற்றில் சில முழுத் துவக்காக வருவதில்லை. குழல் ஒரு துணியிலும், பிடிக்கட்டை இன்னொன்றிலும், ஆணிகளும் சுருள்வில்லும் ஒரு பால்மாப் பேணிக்குள்ளுமாக வந்து சேரும். மாரி முழுவதும் நனைந்த துவக்கைத் துப்புரவாக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு கழற்றியவர், திரும்பப் பூட்ட முடியாமல் மணிக்கணக்கில் போராடி, சுத்தியலையும் எடுத்துப் பார்த்த பிறகே எம்மிடம் வருகிறார். அவரை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. கழற்ற இலகுவாகவும் பூட்டக் கடினமாகவும் அமைந்த துப்பாக்கிகள் உலகில் ஏராளம்.

அமெரிக்காவில் 1949 ஆம் ஆண்டு வெளிவந்த ரூகர் .22 பிஸ்டலும், அதன் வழிவந்த மார்க் 2, மார்க் 3 வகைகளும் இதற்குப் பெயர்போனவை. அவற்றைப் பூட்டும்போது, தோட்டாவை வெடிக்கச் செய்ய அடிக்கும் உள்ளுறுப்பான சுத்தியலின் பின்னால் தொங்கும் சிறு தண்டு, சுருள்வில்லின் தலையில் சரியாகப் போய் உட்கார வேண்டும். பிஸ்டலைச் சரிக்கும் கோணம் சற்றுத் தவறினாலும் அது விலகிவிடும், பிறகு எல்லாவற்றையும் மீண்டும் கழற்ற வேண்டியதுதான். அந்தப் பிஸ்டலை உயிராக நேசித்தவர்களிலும் பலர், இந்தத் தொல்லைக்கு அஞ்சி, கழற்றாமலே குழலை மட்டும் துடைத்துக் காலம் கடத்தினார்கள். பின்புறப் பொத்தான் ஒன்றை அழுத்தினாலே பிரிந்துகொள்ளும் மார்க் 4 வந்தது 2016 இல். ஒரு பொத்தானுக்கு 67 ஆண்டுகள்!

எமது கமக்காரரின் கையிலுள்ள 12 போர் (bore) என்ற குழல் அளவுள்ள ஒற்றைக்குழல் துவக்குக்கு அந்தச் சிக்கல் இல்லை. முற்பிடியைக் கழற்றி, நெம்பை அழுத்தி மடித்தால் குழல் கையோடு வந்துவிடும். முற்பிடி, குழல், பிடிக்கட்டையோடு சேர்ந்த உடல் என்ற மூன்று துண்டுகளுக்கு மேல் வீட்டில் எதையும் கழற்றத் தேவையில்லை. கரியும் ஈயமும் தோட்டாவின் பிளாஸ்டிக்கும் படிவது குழலுக்குள்தான். அதைத் தோட்டா இடும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாகப் பித்தளைத் தூரிகையால் தேய்த்தெடுத்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது.

சுத்தியல் வெளியே தெரியாத இரட்டைக்குழல் துவக்கு வேறு கதை. 1875 இல் பேர்மிங்ஹாமில் ஆன்சன், டீலி இருவரும் காப்புரிமை பெற்ற பொறிமுறையே அவற்றுள் மிகப் பலவற்றுக்கு அடிப்படை. குழலை மடிக்கும் அசைவே உள்ளிருக்கும் சுத்தியல்களை ஏற்றிவிடும். குழலைக் கழற்றி வைத்தபின் யாராவது விளையாட்டாக விசையை இழுத்தால், ஏறியிருந்த சுத்தியல்கள் இறங்கிவிடும், அவற்றை ஏற்றும் நெம்புகள் இடம்மாறி நின்று குழலை உள்ளே விடாது. வீட்டுச் சிறுவனோ பக்கத்து வளவுக்காரரோ ஒரு தரம் இழுத்துப் பார்த்ததன் விளைவு என்பது தெரியாமல், குழலைத் தட்டித் தட்டியே, அதை உடலோடு கோக்கும் கொளுவியைத் தேய்த்தவர்கள் உண்டு. அந்த நிலையில் நிறுத்திவிட்டு, உரிமையாளரே அனுமதிப்பத்திரத்துடன் திருத்துநரிடம் கொண்டுவருவதே மலிவான வழி.

விசைப்பகுதியின் ஆணிகளை வீட்டு ஸ்குறூ டிறைவரால் தொடவே வேண்டாம். அவற்றின் பிளவுகள் மிகக் குறுகலானவை. நுனி ஆப்புப் போல் தடித்த சாதாரணக் கருவி வழுக்கி, பிளவையும் உலோகத்தின் முகத்தையும் கிழித்துவிடும். உள்ளேயுள்ள வளைவில்லோ இறுக்கம் தளர்த்தப்படாமல் ஆணியை எடுத்த கணத்தில் கண்ணை நோக்கிப் பாயக்கூடியது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு செய்யவேண்டியதைப் பலர் கடைசியில் நினைக்கிறார்கள். தோட்டாக்களை வேறோர் அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, துவக்கை மடித்து, தோட்டா இடும் துளையைக் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் வெறுமையை உறுதிசெய்த பின்னரே துணியைக் கையில் எடுக்க வேண்டும். துப்புரவு முடிந்ததும் குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்பக்கமாக மீண்டும் பார்க்க வேண்டும். உள்ளே அறுந்து தங்கிய ஒரு துணிப்பிரி, சேற்றுக் கட்டி, பரணில் சாத்திவைத்த நாட்களில் குளவி கட்டிய மண்கூடு ஆகிய எதுவும் சுடும்போது ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள அக்குழலை வீங்கச் செய்யலாம், பிளக்கவும் செய்யலாம். அந்த இடத்தில்தான் முற்பிடியைத் தாங்கும் இடது கை இருக்கிறது.

எண்ணெய் விடயத்தில் தாராளம் காட்டுபவர்கள் அதிகம். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், ஆனால் ஆவியாகிப் போனபின் உலோகத்துக்குக் காவல் எதுவும் இராது. அதன்மேல் மெல்லிய துப்பாக்கி எண்ணெய் பூச வேண்டும். உழவு இயந்திரத்திலிருந்து வடித்த கழிவு ஒயிலில் அமிலமும் உலோகத் தூளும் கலந்திருக்கும். நல்ல எண்ணெயானாலும் அளவு மீறினால் வழிந்து பிடிக்கட்டையின் தலையை ஊறவைத்து மரத்தை மென்மையாக்கும். இத்தனையும் செய்துவிட்டு, துவக்கை உரப்பையால் சுற்றி வைப்பவர்களைக் கண்டால்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை. பையில் ஒட்டியிருக்கும் யூரியாவும் பொட்டாசியம் உப்பும் ஈரத்தை இழுத்து, ஒரு மாரிக்குள்ளேயே குழலைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். உலர்ந்த பருத்தித் துணி போதும்.

வளவு கொத்தும்போதோ குளக்கட்டு திருத்தும்போதோ மண்ணிலிருந்து வெளிப்படும் துருப்பிடித்த பிஸ்டலுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அதனை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழற்றிப் பார்க்கும் ஆசை இளைஞர் சிலருக்கு உண்டு. ஆனால் அதன் அறைக்குள் தோட்டா இருக்கலாம், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி, துரு இறுக்கிப் பிடித்திருந்தாலும், ஒரு தட்டலில் விடுபடலாம், அது கிடந்த மண்ணில் வேறு வெடிபொருட்களும் இருக்கலாம். எடுக்காமல், வந்த தடத்திலேயே திரும்பி நடந்து, மற்றவர்களையும் விலக்கி, பொலிஸாருக்கு 119 என்ற இலக்கத்தில் அறிவிக்க வேண்டும்.