பஸ் கம்பெனியை யாரும் விற்கவில்லை, தம்பி

சென்ற சனிக்கிழமை, வேலை நேர்காணலுக்கு ஒத்திகை பார்க்க ஒரு மாணவர் வந்திருந்தார். நல்ல மேலாண்மைக் கல்லூரி, இரண்டாம் ஆண்டு. கோடையில் இரண்டு மாதம் மும்பையில் ஒரு முதலீட்டு வங்கியில் இன்டர்ன்ஷிப் முடித்தவர். இப்போது வங்கி வேண்டாம், நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டிங் வேலைதான் வேண்டும் என்கிறார். நல்லது. வழக்கமான கேள்வியைப் போட்டேன்.

"சென்னைக்கும் மதுரைக்கும் இரவுப் பேருந்து ஓட்டும் ஒரு நிறுவனம். இரண்டு ஆண்டுகளாக லாபம் குறைகிறது. முதலாளி உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். எங்கே தொடங்குவீர்கள்?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அடுத்த ஐந்தாண்டுப் பணவரத்தைக் கணிப்பேன், மேடம். டிஸ்கவுண்ட் ரேட் போட்டு இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவேன். பிறகு பட்டியலிடப்பட்ட போக்குவரத்து நிறுவனங்களின் மல்டிபிளோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்."

அதாவது, ஒரு நிறுவனத்தை விற்க விலை போடும் முறையைச் சொல்கிறார்.

பஸ் கம்பெனியை யாரும் விற்கவில்லை, தம்பி.

இந்த வேலைவாய்ப்புப் பருவத்தில் இதே பதிலைச் சொன்ன ஐந்தாவது ஆள் அவர். முதல் நான்கு பேரிடம் சிரித்துக்கொண்டே திருத்தினேன். ஐந்தாமவரிடம் முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்து, அதில் பாதிக் காலம் வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவிலும் இருந்தவள் நான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கத்துவதைவிட எழுதிவிடுவது தொண்டைக்கு நல்லது.

விலை போடும் எக்செல் மாடல் கைவந்துவிட்டால், பஸ் கம்பெனி போன்ற கன்சல்டிங் கேஸ் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும் என்று இவர்கள் நம்புகிறார்கள். வராது. வங்கியில் உங்களிடம் கேட்கப்பட்டது "இது என்ன விலை பெறும்?" என்ற கேள்வி. விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், நடுவே ஒரு விலை. ஆலோசகரிடம் வருகிறவருக்கு விலை தெரிய வேண்டியதில்லை. அவருக்கு எங்கோ வலிக்கிறது; எங்கே, ஏன், என்ன செய்வது என்று தெரிய வேண்டும். வயிற்று வலி என்று வந்தவரிடம் வீட்டின் சந்தை மதிப்பைச் சொல்லி அனுப்புவீர்களா?

அதே பஸ் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேருந்தில் 30 படுக்கை. முன்பு 80 சதவீதம் நிரம்பியது, அதாவது 24 பேர். இப்போது 70 சதவீதம், 21 பேர். குறைந்தவர்கள் மூன்றே பேர். டிக்கெட் 900 ரூபாய் என்றால் ஒரு நடைக்கு 2,700 ரூபாய் போயிற்று. ஆனால் டீசல் குறையவில்லை, சுங்கம் குறையவில்லை, ஓட்டுநர் படியும் குறையவில்லை. நடைக்கு 4,000 ரூபாய் மிஞ்சிக்கொண்டிருந்த இடத்தில் இனி 1,300தான் மிஞ்சும். மூன்று பயணிகள் இறங்கிப் போனதில் லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. இவ்வளவுக்கும் ஒரு துண்டுக் காகிதம் போதும்.

இனிதான் வேலை. அந்த மூன்று பேர் எங்கே போனார்கள்? எல்லா நாளும் குறைகிறார்களா, செவ்வாய், புதன் மட்டுமா? 2023 செப்டம்பரில் சென்னை - திருநெல்வேலி வந்தே பாரத் ஓடத் தொடங்கியது, மதுரையிலும் நிற்கிறது. இரவுப் பயணியைப் பகல் ரயில் இழுக்குமா? அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். பெரம்பூரில் இருப்பவர் அங்கே போய்ச் சேரவே எவ்வளவு நேரம், எவ்வளவு ஆட்டோ காசு? ஒருவேளை ஆள் குறையவே இல்லை, போட்டிக்காரர் விலையை இறக்கியதால் இவரும் இறக்கினாரா? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவரைத்தான் எதிரே இருப்பவர் தேடுகிறார். அந்த மாணவரோ மதுரைக்குப் பத்து முறை பஸ்ஸில் போன பையன்! கண்ணால் பார்த்ததை எல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு டிஸ்கவுண்ட் ரேட்டோடு உள்ளே வந்தார்.

கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1926இல் சிகாகோவில் மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் மெக்கின்சியே கணக்கியல் பேராசிரியர்தான். கணக்கு எதற்குப் பதில் சொல்கிறது என்று தெரிந்து போடுங்கள் என்கிறேன். இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு: லாபம் என்ற சொல் காதில் விழுந்ததும் வரவு, செலவு என்று மனப்பாடம் செய்த பெட்டிகளைக் காகிதத்தில் வரைகிறவர்கள். அவர்களைப் பற்றி இன்னொரு நாள் திட்டுகிறேன்.

அடுத்து, "வங்கியை ஏன் விடுகிறீர்கள்?" என்ற கேள்வி. இதைக் கேட்காத நேர்காணலே கிடையாது. ஆனாலும் எல்லோரும் அன்றுதான் முதல் முறை கேட்பதுபோல விழிக்கிறார்கள். பிறகு வேலை நேரத்தைப் பற்றிப் புலம்பல். 2021இல் கோல்ட்மேன் சாக்ஸ் முதலீட்டு வங்கியின் முதலாண்டு ஊழியர்கள் 13 பேர் தங்களுக்குள் கணக்கெடுத்து வாரம் சராசரியாக 95 மணி நேரம் உழைப்பதாகச் சொன்னது உலகம் முழுக்கச் செய்தியானது. புலம்பலில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கன்சல்டிங்கில் தூக்கம் கிடைக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? திங்கள் விடியற்காலை விமானம், வியாழன் இரவு வீடு, நடுவே வாடிக்கையாளர் ஊரில் ஓட்டல் அறை. என் இரண்டாம் ஆண்டில் வீட்டுத் துளசிச் செடி மூன்று முறை காய்ந்தது. தூக்கத்துக்காக இந்தப் பக்கம் வராதீர்கள். வேறு காரணம் இருந்தால் மட்டும் வாருங்கள். இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

இனி வருவது அறிவுரை இல்லை, கண்டிப்பு. அந்த மாணவருடைய பயோடேட்டாவின் மூன்றாவது வரியில், ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும், இன்னும் அறிவிக்கப்படாத ஒரு கையகப்படுத்தலின் இரு தரப்புப் பெயர்களும் உத்தேச மதிப்பும் இருந்தன. ஒரு தரப்பு பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். எனக்குப் படபடத்தது. அவரோ இன்னும் ஒரு தசம எண் சேர்க்கலாமா என்று கேட்டார்! வெளியிடப்படாத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவலை முறையான தேவையின்றிப் பிறரிடம் பகிர்வதைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் தடுக்கின்றன. இரண்டு மாத இன்டர்ன் என்பதால் விலக்கு கிடையாது. "கல்லூரிக்குள்தானே கொடுத்தேன்" என்பதும் பதில் இல்லை. அந்தத் தாள் முன்னாள் மாணவர்கள், பயிற்சியாளர்கள், ஒரு டஜன் நிறுவனங்கள் என்று போய்க்கொண்டே இருக்கும்.

பெரியவர்களே இதில் விழுந்திருக்கிறார்கள். மெக்கின்சியின் உலகத் தலைவராக 1994 முதல் 2003 வரை இருந்தவர் ரஜத் குப்தா. பிறகு கோல்ட்மேன் சாக்ஸ் இயக்குநர் குழுவில் உட்கார்ந்தார். 2008 செப்டம்பரில் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்தவே அங்கே 500 கோடி டாலர் போடப்போகும் செய்தி அந்தக் குழுவிலிருந்து குப்தா வழியாகக் கேலியன் முதலீட்டு நிதியத்தின் ராஜ் ராஜரத்தினத்துக்குப் போயிற்று. கொழும்பில் பிறந்த தமிழர் ராஜரத்தினம். அவருக்கு 11 ஆண்டு சிறை, குப்தாவுக்கு இரண்டு ஆண்டு. வங்கியிலிருந்து ஆலோசனைக்குப் போகிறவர்கள் இந்த வழக்கைப் படித்துவிட்டுப் போங்கள். இரண்டு வீட்டு வாசலும் அதில் இருக்கின்றன.

ஆகவே பயோடேட்டாவிலிருந்து பெயர்களை எடுத்துவிடுங்கள். "நடுத்தர அளவு ரசாயன நிறுவனம்" என்று எழுதினால் போதும். எண்ணையும் எடுத்துவிடுங்கள். வங்கியின் மாடலை, வாடிக்கையாளருக்குக் காட்டத் தயாரித்த பிட்ச் புத்தகத்தை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்திருந்தால் யாருக்கும் காட்டாதீர்கள். உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் இன்றே பேசுங்கள். நேர்காணலில் உங்களைத் தோண்டுகிறவர் சில நேரம் வேண்டுமென்றே தோண்டுவார். நீங்கள் இன்று அந்த வங்கியின் ரகசியத்தைச் சொன்னால் நாளை எங்கள் வாடிக்கையாளர் ரகசியத்தையும் சொல்வீர்கள் என்று குறித்துக்கொள்வார். நானே அப்படிக் குறித்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வங்கி நிரந்தர வேலைக்கு அழைப்பு தந்திருந்தால், உங்கள் கல்லூரி விதியை முதலில் படியுங்கள். ஏற்றுக்கொண்டால் கல்லூரியின் இறுதி வேலைவாய்ப்புச் சுற்றில் உட்கார முடியாது என்பது பல இடங்களில் நடைமுறை. யோசிக்க அவகாசம் கேளுங்கள், கேட்பது தவறில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னொரு கதவைத் தட்டாதீர்கள், தயவுசெய்து. அதன் விலையை அடுத்த ஆண்டு உங்கள் ஜூனியர் பிள்ளைகள் கட்டுவார்கள்.

மூன்றாவது வரியை நான் அடித்த பிறகு அந்த மாணவரின் தாளில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. முகம் வாடிவிட்டது. "இரண்டு மாதமும் இதை மட்டுமா செய்தீர்கள்?" என்று கேட்டேன். இல்லையாம். பங்கு வெளியீட்டுக்குத் தயாராகும் ஒரு நிறுவனத்துக்காக, வெளியீட்டு ஆவணத்தில் அதன் துறையைப் பற்றிய அத்தியாயத்துக்குத் தகவல் திரட்டினாராம். கிடைத்த இரண்டு அறிக்கைகளும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்ததால், யாரும் சொல்லாமலேயே ஈரோடு, திருப்பூர், கோவை என்று முப்பது வணிகர்களுக்கு ஃபோன் செய்து, கடையில் எந்தச் சரக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டு, எந்த அறிக்கை தவறு என்று கண்டுபிடித்திருக்கிறார்.

"இதை ஏன் எழுதவில்லை?"

"அது சின்ன வேலை மேடம். அதில் மாடல் எதுவும் இல்லையே."

பேனாவை அவரிடம் கொடுத்து, மூன்றாவது வரி இருந்த இடத்தைக் காட்டினேன்.