கோள்: வானத்திலும் திண்ணையிலும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள் தரையில் சார்ட் பேப்பரை விரித்து சூரியக் குடும்பம் வரைந்துகொண்டிருந்தாள். மேலே பெரிய எழுத்தில் ‘கோள்கள்’ என்று எழுதிவிட்டு ஸ்கெட்ச் பேனாவை மூடினாள். “அத்த, தம்பி எப்பப் பாரு அம்மாகிட்ட கோள் மூட்டுறான். அதுவும் கோள், இதுவும் கோளா?”

பதில் ‘கொள்’ என்ற வினையில் இருக்கிறது. படு பாடு ஆகிறது, பெறு பேறு ஆகிறது, கெடு கேடு ஆகிறது. அதேபோல கொள் முதலெழுத்து நீண்டு கோள் ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இலக்கண வகுப்பில் தூக்கக் கலக்கத்தில் கேட்டிருப்போமே, அதுதான். கொள்ளுதல், பற்றுதல், பிடித்தல் என்பது பொருள். ‘கோளில் பொறியின் குணமிலவே’ என்று ஒன்பதாம் குறளை ஒப்பித்தவர்கள்தானே நாம். அங்கே வருவது வானத்துக் கோள் அல்ல. பார்வையைக் கொள்ளாத கண், ஒலியைக் கொள்ளாத காது, அதுதான் கோள் இல்லாத பொறி. தம்பி செய்வதைப் பற்றிக் கேட்டால், இங்கே கேட்டுக்கொண்டதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறான், அதுவும் ஒரு கொள்முதல்தான் என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

கிரகம் என்ற வடசொல்லைப் பிரித்தாலும் இதே பொருள்தான் கிடைக்கும். ‘கிரஹ்’ என்றால் பற்று. கிரகித்தல், கிரகணம், கல்யாணத்தில் கைப்பிடிக்கும் பாணிக்கிரகணம் எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. கிரேக்கர்களோ வேறு வழியில் யோசித்தார்கள். அசையாத விண்மீன்களுக்கு நடுவே இடம் மாறிக்கொண்டே இருப்பதைப் பார்த்து ‘அலைபவை’ என்று பெயர் வைத்தார்கள். பிளானெட் அதிலிருந்து வந்தது. அவர்கள் கண்ணுக்கு அலைகிறது, நம் கண்ணுக்குப் பிடித்துக்கொள்கிறது. ‘என்ன கிரகமோ’ என்று தலையில் அடித்துக்கொள்கிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பொருள் ஒன்றானாலும் கணக்கு ஒன்றல்ல. நவக்கிரகச் சன்னதியைச் சுற்றிவிட்டு வந்து பாடப்புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். சன்னதியில் சூரியன் உண்டு, சந்திரன் உண்டு, ராகுவும் கேதுவும் உண்டு, பூமி இல்லை. நின்று பார்க்கிற தரையை யாரும் வானத்தில் தேடவில்லை. ஒன்பதில் இந்த நால்வரைக் கழித்து, பூமியைச் சேர்த்து, தொலைநோக்கி வந்தபின் 1781-இல் கிடைத்த யுரேனஸையும் 1846-இல் கிடைத்த நெப்டியூனையும் கூட்டினால் எட்டு. ஆகவே ஜாதகத்துக்குக் கிரகம், அறிவியலுக்குக் கோள் என்று வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. கோள் என்ற சொல்லுக்கும் ஜோதிட வாடை இல்லாமல் இல்லை. நாளும் கோளும் சரியில்லை, மதுரைக்குப் போக வேண்டாம் என்று சம்பந்தரைத் தடுத்தவர் எங்கள் பக்கத்து அப்பர்தான். அதற்குப் பதிலாகப் பிறந்ததே கோளறு பதிகம்.

அதற்கும் முந்தைய ‘கோள்மீன்’ எனக்கு இன்னும் பிடிக்கும். மின்னுவதால் மீன். நாளைக் காட்டும் அசுவினி, பரணி முதலியவை நாள்மீன். அவற்றுக்கு நடுவே திரிபவை கோள்மீன். பட்டினப்பாலையில் சுட்ட இறாலைத் தின்றுவிட்டு மன்றத்தில் மல்லுக்கு நிற்கும் கடற்கரை ஆட்களை ‘நாள்மீன் விராய கோள்மீன் போல’ என்கிறார் உருத்திரங்கண்ணனார். காவிரிப்பூம்பட்டினத்துக் காட்சிதான். ஆனால் தேவனாம்பட்டினத்து மணலில் சாயங்காலம் கபடி பார்த்தவர்களுக்கு உரை தேவைப்படாது.

கிரகணத்துக்கும் கொள்தான். ‘திங்களைப் பாம்புகொண் டற்று’ என்று காமத்துப்பாலில் வருகிறது. அவனைப் பார்த்ததோ ஒரு நாள். ஊர்ப்பேச்சோ நிலவைப் பாம்பு பிடித்த சேதிபோல எங்கும் பரவிவிட்டது என்று அவள் புலம்புகிறாள். வானத்துக் கோளையும் திண்ணைக் கோளையும் வள்ளுவர் ஒன்றேமுக்கால் அடியில் சேர்த்துக் கட்டிவிட்டார்.

பாம்பு எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று கணக்குப் போடுவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். இங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்துப் புதுச்சேரியில் அதற்கு ஒரு சாட்சி உண்டு. சூரிய வட்டத்தின் குறுக்கே வெள்ளி கடப்பதை அளக்க லெ ஜெந்தில் என்ற பிரெஞ்சுக்காரர் கப்பலேறினார். 1761-இல் அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடும் கப்பலில் நின்று வெள்ளியைப் பார்த்தார், அளக்க முடியவில்லை. எட்டு வருஷம் காத்திருந்து, 1769 ஜூன் 4 காலையில் புதுச்சேரியிலேயே தொலைநோக்கியோடு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது. அடுத்த வாய்ப்பு 1874-இல்தான். ஆனால் மனிதர் வெறுங்கையோடு போகவில்லை. தமிழர்கள் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு போனார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் அந்த முறை 41 வினாடி பிசகியது. சந்திரனின் போக்கைக் கணிக்க அன்றைய ஐரோப்பாவில் பேர்பெற்றிருந்த மேயர் அட்டவணை பிசகியது 68 வினாடி.

சின்னவற்றுக்கு வருவோம், சிக்கலே அங்கேதான். சிறுகோள், குறுங்கோள் இரண்டும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. அஸ்டிராய்டுக்குச் சிறுகோள், டுவார்ஃப் பிளானெட்டுக்குக் குறுங்கோள் என்பதே என் கட்சி. சிறு என்பதற்கு எதிர்ச்சொல் பெரு. அளவு மட்டும் பேசும். குறு என்பதற்கு எதிர்ச்சொல் நெடு. குள்ள உருவத்தைக் குறள் என்றோம், அதே வேர். குறுநில மன்னனை நினைத்துக்கொண்டால் மறக்காது. முடி உண்டு, அரியணை உண்டு, ஆனால் சுற்றுவட்டாரம் அவன் கையில் இல்லை. 2006-இல் பிராகில் கூடிய வானியலாளர்கள் புளூட்டோவைப் பற்றிச் சொன்னதும் அதுதான்: சூரியனைச் சுற்றுகிறது, உருண்டையாக இருக்கிறது, தன் பாதையைத் தனதாக்கிக்கொள்ளவில்லை. எழுதும்போது குறுந்தொகைபோல மெல்லின ஒற்று சேர்த்துக் குறுங்கோள். சிறுகதைபோல ஒற்றில்லாமல் சிறுகோள்.

1801-இன் முதல் நாளில் கண்டுபிடிக்கப்பட்ட செரெஸ் மட்டும் இரண்டு கட்சியிலும் இருக்கிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலான சிறுகோள் கூட்டத்தில் அதுவே பெரியது, உருண்டையானதால் குறுங்கோளும்கூட. அஸ்டிராய்டு என்றால் விண்மீன் போன்றது என்று அர்த்தம். தொலைநோக்கியில் வெறும் புள்ளியாகத் தெரிந்ததால் 1802-இல் ஹெர்ஷல் அப்படிச் சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் தமிழ்ச்சொல்லே நேர்மையானது. சென்னை வானாய்வகத்தில் போக்சன் 1861-இல் கண்டதற்கு ஆசியா என்றும், காவலூரில் 1988-இல் கண்டதற்கு ராமானுஜன் என்றும் பெயர்.

வால்நட்சத்திரம் என்ற பேச்சுவழக்கைத் தப்பென்று நான் சண்டை போடமாட்டேன். பனியும் தூசியும் சேர்ந்த கட்டி நட்சத்திரம் ஆகாது என்பதால் எழுத்தில் வால்வெள்ளி என்பேன். வெண்மையாக ஒளிர்வது எதுவும் வெள்ளிதான், விடியலில் தெரிகிற கோள் உட்பட. எங்கள் சில்வர் பீச்சையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

சார்ட்டின் மூலையில் அவள் ‘வால்வெள்ளி’ என்று எழுதி, தூரிகையால் நீல வால் ஒன்று இழுத்தாள். ஈரம் காயும் முன் தம்பியின் விரல் அதில் பட்டு, வால் நெப்டியூன் வரை நீண்டுவிட்டது.

“அம்மா, இவனைப் பாரும்மா!” அவளே எழுந்து அடுக்களைக்கு ஓடினாள்.