எல்லையைத் தாண்டியது ஆறா, கோடா?

டெல்லியில் தண்ணீர், பருவநிலை என்று எதைப் பற்றிக் கருத்தரங்கு நடந்தாலும் அதன் தமிழ்க் குறிப்பு மெய்ப்புப் பார்க்க என் மேசைக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொன்றிலும் தவறாமல் 'எல்லை தாண்டிய நதிகள்' இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு உரிய ஆறுகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சிவப்பு மையால் அடித்து அனுப்புவேன். அச்சாகி வரும்போது அடித்த தொடர் அப்படியே உட்கார்ந்திருக்கும். அண்மையில் வந்த கையேடு இன்னும் ஒரு படி மேலே போய், 'எல்லை தாண்டிய நிலத்தடி நீர்' என்று ஓர் அத்தியாயத்துக்கே தலைப்பு வைத்திருந்தது. மண்ணுக்கடியில் ஊறிக் கிடக்கும் தண்ணீர் எந்த வேலியை ஏறிக் குதித்ததாம்?

மூலச்சொல் ஆங்கிலத்தின் 'டிரான்ஸ்பவுண்டரி'. 'டிரான்ஸ்' லத்தீன் முன்னொட்டு. குறுக்கே, அப்பால் என்று பொருள். 'பவுண்டரி' எல்லை. சொற்பிறப்பு அவ்வளவுதான், தாண்டுகிற வினை எதுவும் அதில் இல்லை. பன்னாட்டு ஆறுகளின் பயன்பாட்டுக்கான 1966-இன் ஹெல்சின்கி விதிகளில் 'பன்னாட்டு வடிநிலம்', அதாவது ஆற்றுக்கு நீர் வடிந்து சேரும் நிலப்பரப்பு, என்றுதான் பேசினார்கள். 1992-இல் அதே ஹெல்சின்கியில் உருவான ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் நீர் உடன்படிக்கை இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே ஏற்றியது. அது தரும் வரையறையைப் படித்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். நாடுகளுக்கு எல்லையாக அமையும் நீர், எல்லையைக் கடந்து செல்லும் நீர், எல்லைமீதே கிடக்கும் நீர் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். நிலத்துக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் சேர்த்தி. 'தாண்டிய' என்று எழுதினால் மூன்றில் ஒன்றுதான் தேறுகிறது. மகாகாளி ஆறு நெடுந்தூரம் இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் எல்லையாகவே ஓடுகிறது. 1996-இல் அதற்கென்று ஒரு ஒப்பந்தமே போட்டிருக்கிறார்கள். தானே எல்லையாக இருக்கும் ஆறு எதைத் தாண்டும்?

இலக்கணம் ஒருபுறம் கிடக்கட்டும். தமிழ்ச் செய்தியில் 'எல்லை தாண்டி' என்ற சொற்கள் காதில் விழுந்தால் அடுத்து என்ன வரும்? 'மீன்பிடித்ததாக ராமேசுவரம் மீனவர்கள் கைது' என்று வரும். இல்லாவிட்டால் 'பயங்கரவாதம்' வரும். இந்த இரண்டு இடங்களிலும் புழங்கிப் புழங்கி அத்தொடரில் குற்றத்தின் வாடை ஏறிவிட்டது. 2025 ஏப்ரலில் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக இந்தியா அறிவித்தது. எல்லை தாண்டிய பயங்கரவாதத்தைப் பாகிஸ்தான் கைவிடும் வரை என்பது அதன் நிபந்தனை. நம் மொழிபெயர்ப்பாளர் வழியில் போனால், எல்லை தாண்டிய பயங்கரவாதம் நிற்கும் வரை எல்லை தாண்டிய நதிகளின் ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்படும் என்று எழுத வேண்டும். ஒரே அடைமொழியைக் கொலைகாரனுக்கும் தண்ணீருக்கும் மாட்டிவிட்டால் படிப்பவர் எதைப் பிரித்து அறிவார்?

உண்மையில் தாண்டியது யார் என்று பார்த்தால் கதை நேர்மாறானது. 1947-இல் நாட்டைப் பிரிக்க ராட்கிளிஃப் எல்லைக்கோடு போட்டபோது, கால்வாய்களுக்கு நீரைத் திருப்பும் மாதோபூர், ஃபெரோஸ்பூர் தலைமதகுகள் இந்தியப் பக்கமும், அவற்றை நம்பிய கால்வாய்கள் பாகிஸ்தான் பக்கமும் போயின. 1948 ஏப்ரல் 1 அன்று இந்தியாவின் கிழக்குப் பஞ்சாப் தண்ணீரை நிறுத்தியது. அந்தச் சிக்கல்தான் நீண்டு வளர்ந்து 1960-இல் கராச்சியில் சிந்து நதிநீர் ஒப்பந்தமாக முடிந்தது. ஆறுகள் இருந்த இடத்தில்தான் இருந்தன. கோடுதான் ஆற்றைத் தாண்டிப் போனது.

'தாண்டிய' வேண்டாம், 'எல்லை கடந்த' என்று போடலாமே என்பார்கள். எல்லை கடந்த அன்பு, எல்லை கடந்த மகிழ்ச்சி என்றால் அளவில்லாதது என்றுதான் பொருள். 'எல்லை கடந்த நீர்' என்று எழுதினால் வற்றாத நீர் என்று ஆகிவிடும். வற்றுகிறது என்பதற்குத்தானே இத்தனை கூட்டம்! 'பகிரப்பட்ட நதி' என்றொரு வடிவமும் உலவுகிறது. கைப்பேசியில் காலை வணக்கப் படம் பகிரப்படுவதுபோல் ஒலிப்பது ஒருபுறம் இருக்க, யார் பகிர்ந்தார், எப்போது பகிர்ந்தார் என்ற கேள்வியையும் அது கிளப்பும். பிரம்மபுத்திரா நீரைப் பங்கிட்டுக்கொள்ள இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே ஒப்பந்தம் கிடையாது. வெள்ளக்காலத் தரவு தருவதற்கு 2002-இல் போட்ட புரிந்துணர்வு மட்டும்தான் இருந்தது. பங்கிடாத ஆற்றைப் 'பகிரப்பட்ட' என்று எப்படிச் சொல்வது? 'பன்னாட்டு ஆறு' பிழையில்லை, சட்ட வழக்கும் அதுவே. ஆனால் இரண்டே நாடுகளுக்கு உரிய ஆற்றுக்குப் 'பன்' கொஞ்சம் அதிகம்.

குறளில் 'வருபுனல்' இருக்கிறதே என்று தமிழறிந்த நண்பர் ஒருவர் கேட்டார். அழகான சொல்தான். ஆனால் பரிமேலழகர் அதை மலையிலிருந்து வரும் நீர் என்கிறார். தவிரவும், கீழே இருப்பவனுக்கு வருபுனலாக இருப்பது மேலே இருப்பவனுக்குப் போகும் புனல்தானே. இரு தரப்பும் கையெழுத்துப் போடும் தாளில் ஒரு தரப்பின் பார்வையை எழுத முடியாது.

சித்தரஞ்சன் பார்க்கில் வங்காளி நண்பர் வீட்டுக்குப் போனால் வங்க நாளிதழ்கள் கிடக்கும். இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் உரிய 54 ஆறுகளை அவர்கள் 'அபின்ன நதி' என்கிறார்கள். பின்னமாகாத ஆறு, ஒன்றேயான ஆறு. பின்னம் என்ற சொல் நமக்கும் தெரிந்ததுதான். வினையும் இல்லை, வேலியும் இல்லை. அண்டை மொழி இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டதை நாம் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதித் தவிக்கிறோம்.

தமிழில் இதற்கு நேரான சொல் நிலப் பத்திரங்களில் காலங்காலமாக இருக்கிறது. பொதுச்சுவர், பொதுக்கிணறு, 'பொதுக்கிணற்றில் பாதி பாகம்'. ஊருக்கே பொது என்று அங்கே அர்த்தமில்லை. இன்னார் இன்னார் இருவருக்கும் உரிமை உண்டு என்பதே பொருள். எந்தப் பத்திர எழுத்தரும் 'வரப்பு தாண்டிய கிணறு' என்று எழுதமாட்டார். 1996 டிசம்பர் 12 அன்று இதே டெல்லியில் தேவ கௌடாவும் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்ட கங்கை ஒப்பந்தமும் அந்தப் பத்திர மொழியில்தான் பேசுகிறது. ஜனவரி முதல் மே வரையிலான வறண்ட மாதங்களில் மேற்கு வங்கத்தின் ஃபராக்கா அணையில் நீர்வரத்து விநாடிக்கு 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ என்றால் ஆளுக்குப் பாதி. 30 ஆண்டுக் கெடு 2026 டிசம்பரோடு முடிகிறது. ஆகவே அதைப் புதுப்பிக்கும் பேச்சில் 'டிரான்ஸ்பவுண்டரி' இனி இன்னும் அதிகமாக அச்சேறும். பொது ஆறு, பொதுநீர் என்று எழுதுங்கள் என்பதே என் கட்சி.

இதெல்லாம் சொல் விளையாட்டு என்று நினைப்பவர்கள் 2023 அக்டோபரை நினைத்துக்கொள்ளலாம். சிக்கிமில் தெற்கு லோனாக் பனியேரி உடைந்தது. சுங்தாங் அணை அடித்துச் செல்லப்பட்டது. தீஸ்தாவில் இறங்கிய அந்த வெள்ளம் போன திசையில்தான் வங்கதேசமும் இருக்கிறது. பனிமலை உருகும் காலத்தில் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு நேரத்தோடு தகவல் சொல்லியாக வேண்டும். 'தாண்டிய' என்ற சொல்லில், கீழே இருப்பவன் அத்துமீறலுக்கு ஆளானவன். 'பொது' என்றால் கூட்டாளி. இந்த டெல்லியே பக்ரா அணை வழியாக வரும் தண்ணீரையும் குடிக்கிறது. அந்த அணை நிற்கும் சட்லெஜ் பிறப்பது திபெத்தில். ராமகிருஷ்ணபுரத்துத் தமிழர் வீட்டு ஃபில்டர் காபியிலும் 'எல்லை தாண்டிய' சொட்டு ஒன்றிரண்டு கலந்திருக்கலாம்.

டெல்லித் தமிழுக்கு இந்த வறட்சி எப்போது வந்ததோ! இங்கிருந்து சரோஜ் நாராயணசுவாமி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த காலத்தில் மொழிபெயர்ப்பு காதுக்காக நடந்தது. ஒருமுறை கேட்டால் புரிய வேண்டும். இப்போது ஆங்கில வரிக்கு நேரே தமிழ் வரி இருந்தால் பில் பாஸாகிவிடும். வாசகர் கணக்கிலேயே இல்லை.

'பொது' என்றால் அரசுக்குச் சொந்தம் என்று நினைத்துவிட மாட்டார்களா என்பது நியாயமான ஐயம். முதல் இடத்தில் 'நாடுகளின் பொது ஆறு' என்று விரித்து எழுதிவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். சிந்து ஒப்பந்தம் பற்றி எழுதும்போது மட்டும் 'ஆறு பொது ஆறுகள்' என்று வந்து தொலைக்கும். அங்கே நதி என்றே எழுதிக்கொள்ளுங்கள். தனித்தமிழ் அன்பர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.