பாட்டுக்குள் நுழையும் 100 ஹெர்ட்ஸ்

ஸ்பீக்கரின் கூம்பை முன்னும் பின்னும் தள்ளுகிற மின்சாரம் சுவரிலுள்ள பிளக் பாயிண்டிலிருந்து வருகிறது. சிடி பிளேயர் தரும் சிக்னல் ஒன்றிரண்டு வோல்ட்தான். ஸ்பீக்கரை அசைக்கும் தெம்பு அதற்குக் கிடையாது. அந்தச் சிக்னல் கேட்கிறபடி பவர் சப்ளையின் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் ஸ்பீக்கருக்குள் விடுவதுதான் ஆம்ப்ளிஃபையரின் வேலை. அதனால்தான் லட்சக்கணக்கில் விலை சொல்லும் ஆம்ப்களைத் திறந்து பார்த்தால் பெட்டியில் முக்கால்வாசி இடத்தை டிரான்ஸ்பார்மரும் கெப்பாசிட்டர்களும் பிடித்திருக்கும்.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஓடும்) ஏசி மின்சாரத்தை டிரான்ஸ்பார்மர் குறைத்துத் தருகிறது. ஒரு பக்கம் மட்டும் மின்சாரத்தை விடும் கதவு போன்ற டயோடுகள் நான்கு சேர்ந்த பிரிட்ஜ் அதை ஒரே திசைக்குத் திருப்புகிறது. அப்படி வருவது நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும் மின்சாரம். அதை நிரவி வைப்பது கெப்பாசிட்டர். மொட்டை மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: மோட்டார் கொஞ்ச நேரம்தான் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் நாள் முழுக்க வருகிறது. இங்கே ஒவ்வொரு 10 மில்லி நொடியிலும் ஏறக்குறைய 2 மில்லி நொடிதான் டயோடு திறந்திருக்கும். மீதி 8 மில்லி நொடியும் ஆம்ப் கெப்பாசிட்டரில் உள்ளதை வைத்தே ஓட்ட வேண்டும். 10,000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரிலிருந்து 2 ஆம்பியர் எடுத்தால் அந்த இடைவெளியில் ஒன்றரை வோல்ட்டுக்குச் சற்று மேல் இறங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு ரிப்பிள் என்று பெயர்.

ஒன்றரை வோல்ட் ஆட்டம் என்றால் பாட்டில் அது கேட்காதா? பெரும்பாலும் கேட்காது. ஒழுங்காக வடிவமைத்த ஆம்ப் தன் சப்ளையில் நடக்கும் ஆட்டத்தைக் குறைந்த அதிர்வெண்களில் ஆயிரம் மடங்குக்கு மேல் அமுக்கிவிடும். சிக்கல் வருவது ஆம்பை அதன் எல்லை வரை ஓட்டும்போது. அலையின் உச்சி சப்ளை வோல்ட்டேஜைத் தொட்டதும் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அந்த விளிம்பில் ரிப்பிள் அப்படியே பதிந்துவிடும். சத்தம் கூட்டினால் பாட்டு கரகரப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லையைத் தள்ளி வைக்க இரண்டு வழிகள் உண்டு. 1977ல் வந்த மார்க் லெவின்சன் எம்எல்-2 ஆம்ப் ஒவ்வொன்றும் 30 கிலோ அளவுக்குக் கனம். ஆனால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 25 வாட்தான் தரும். அதன் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: 4 ஓமில் 50, 2 ஓமில் 100. ஓம் குறையக் குறைய ஸ்பீக்கர் இழுக்கும் கரன்ட் கூடும். எவ்வளவு கரன்ட் இழுத்தாலும் சப்ளை தளராது என்பதற்கான அத்தாட்சி அது. அடுத்த வருடம் வந்த என்ஏடி 3020 இதற்கு நேர்மாறு. விலை குறைவு, 20 வாட். ஆனால் மேளத்தில் ஒரு அடி விழும் அந்தக் கண நேரத்துக்கு 40 வாட் வரை தரும். இசையில் உச்சங்கள் கண நேரமே நிற்கும் என்பதால் தொடர்ந்து 40 வாட் தரும் டிரான்ஸ்பார்மருக்குச் செலவு செய்யவில்லை. கெட்டிக்காரத்தனமான வடிவமைப்பு என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்.

இனி வருவதுதான் எனக்கு முக்கியம். கனத்தையும் மைக்ரோ ஃபாரட்டையும் விட ஒலியைக் கெடுப்பது வயர் போகும் வழி.

மேலே சொன்ன 2 ஆம்பியரை எடுத்துக்கொள்வோம். 10 மில்லி நொடிக்கு வேண்டியதை 2 மில்லி நொடிக்குள் நிரப்ப வேண்டும் என்றால் டயோடு வழியே பாய்வது சராசரியாக 10 ஆம்பியர். வீட்டு வயரிங்கில் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு சென்டிமீட்டருக்கு 0.1 மில்லி ஓமுக்குச் சற்று அதிகமான தடை உள்ளது. அதில் 10 ஆம்பியர் பாய்ந்தால் அந்த ஒரே சென்டிமீட்டரில் 1 மில்லி வோல்ட் உருவாகிவிடும். சிக்னலின் கிரவுண்டை (அதன் வோல்ட்டேஜை எங்கிருந்து அளக்கிறோமோ அந்தப் பூஜ்யப் புள்ளியை) அந்த ஒரு சென்டிமீட்டர் தள்ளிச் சால்டர் செய்துவிட்டீர்கள் என்றால், அந்த மில்லி வோல்ட்டை ஆம்ப் பாட்டாகவே எடுத்துக்கொள்ளும். 20 மடங்கு பெருக்கி 20 மில்லி வோல்ட்டாக ஸ்பீக்கருக்கு அனுப்பும். இரவில் அமைதியான அறையில் அது நன்றாகவே கேட்கும். அதுவும் சன்னமான ஹம்மிங்காக வராது. கரன்ட் சட்டென்று பாய்ந்து நிற்பதால் 100, 200, 300 என்று அடுக்கடுக்கான அதிர்வெண்களோடு, ஈ மொய்ப்பது போன்ற இரைச்சலாக வரும்.

இந்த நிலையில் கெப்பாசிட்டரை இரண்டு மடங்கு ஆக்கினால் என்ன ஆகும்? ரிப்பிள் குறையும். ஆனால் டயோடு திறந்திருக்கும் நேரமும் சுருங்கும்; கரன்ட் இன்னும் ஒடுங்கி, இன்னும் உயரமாகப் பாயும். தப்பான கிரவுண்டு உள்ள ஆம்பில் இரைச்சல் கூடத்தான் செய்யும். சரியான வழி, டிரான்ஸ்பார்மரும் டயோடும் கெப்பாசிட்டரும் சேர்ந்த சுற்றைத் தனியாக முடித்துவிட்டு, அதற்கப்புறம் ஒரே ஒரு புள்ளியிலிருந்து எல்லாக் கிரவுண்டையும் பிரித்தெடுப்பது.

காந்தப்புலமும் இதே வேலையைச் செய்யும். ஏபி வகை ஆம்பில் அலையின் மேல் பாதிக்கு சப்ளையின் பிளஸ் வயரும் கீழ்ப் பாதிக்கு மைனஸ் வயரும் கரன்ட் தருகின்றன. ஆக ஒவ்வொரு வயரிலும் ஓடுவது பாதி அறுபட்ட பாட்டு. அந்த வயர் இன்புட் பக்கம் போனால் அதன் காந்தப்புலம் சிக்னலில் சிதைவை ஏற்றிவிடும். மொனாஷ் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் செர்ரி 1981ல் இதைப் பற்றி எழுதினார். இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கினாலே இரண்டு பாதிகளின் புலமும் ஒன்றுசேர்ந்து முழுப் பாட்டின் புலமாகிவிடும்; அறுபட்ட பாதியால் வரும் சிதைவு பெருமளவு போய்விடும். காசே செலவில்லாத வைத்தியம்!

ரிப்பிளே வேண்டாம் என்று, வோல்ட்டேஜை ஒரே அளவில் பிடித்து வைக்கும் ரெகுலேட்டர் போட்டவர்களும் உண்டு. இங்கிலாந்தின் நெய்ம் நிறுவனம் 1975ல் கொண்டுவந்த நேப் 250 அப்படிப்பட்டது. வீட்டு வோல்ட்டேஜ் ஆடினாலும் அதன் சப்ளை நிலையாக நிற்கும். சாதாரண ஆம்பில் 230 வோல்ட் 200க்கு இறங்கினால் 100 வாட் 75 வாட்டாகிவிடும்.

இன்னொரு வழி எஸ்எம்பிஎஸ், அதாவது ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை. மொபைல் சார்ஜரில் இருப்பது தானே என்று ஆடியோ ரசிகர்கள் இதை ரொம்ப நாள் ஒதுக்கி வைத்தார்கள். நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை நறுக்குவதால் டிரான்ஸ்பார்மர் சின்னதாகிவிடும், ரிப்பிளும் காதின் எல்லையைத் தாண்டிப் போய்விடும். பதிலுக்கு, அந்த உயர் அதிர்வெண் இரைச்சலை வடிகட்டுவதில் மிகுந்த கவனம் வேண்டும். பெஞ்ச்மார்க் ஏஎச்பி2 இந்த வகை. எடை 5.7 கிலோதான்; ஒரு சேனலுக்கு 100 வாட். சந்தையிலுள்ள மிக அமைதியான ஆம்ப்களில் அதுவும் ஒன்று. கனம்தான் தரம் என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

விலை உயர்ந்த பவர் கார்டு பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. அதற்குப் பின்னால் சுவருக்குள் பத்திருபது மீட்டர் சாதாரண வயர் இருக்கிறது, முன்னால் டிரான்ஸ்பார்மரும் டயோடும் இருக்கின்றன.

உங்கள் ஆம்பின் சப்ளையைச் சோதிக்கக் கருவி வேண்டாம். பாட்டை நிறுத்தி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கரின் அருகே காதைக் கொண்டு போங்கள். மழுங்கலான 50 ஹெர்ட்ஸ் ஹம்மிங் கேட்டால் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலத்தையோ, இரண்டு கருவிகளுக்கு இடையேயான எர்த் இணைப்பையோ சந்தேகப்படலாம். கூர்மையான 100 ஹெர்ட்ஸ் இரைச்சலாக இருந்தால் கிரவுண்டு வயர் எந்தப் புள்ளியில் சால்டர் ஆகியிருக்கிறது என்று மெக்கானிக்கை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கெப்பாசிட்டரை மாற்றுவது அதற்கு அப்புறம்.