ஏரி சூடாக இருந்தால்தான் பனி கொட்டும்

2014 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது பஃபலோ நகரம். அன்று நகரின் வடபகுதியில் இருந்தவர்களுக்குத் தலைக்கு மேல் நீல வானம். தெற்கே திரும்பினால் மட்டும், ஏரியிலிருந்து கிளம்பி ஊருக்குள் நீளும் ஒரு வெள்ளைச் சுவர், தரையில் தொடங்கி மேகம் வரைக்கும். வடக்கே இருந்தவர்கள் கைபேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்குள் மாட்டியவர்களுக்குத் தங்கள் வீட்டு வாசல்படியே தெரியவில்லை.

லான்காஸ்டர் போன்ற தெற்குப் புறநகர்களில் இரண்டு நாளுக்குள் ஐந்து அடிக்கு மேல் பனி விழுந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே சில அங்குலம்தான். புதன் இரவு இரண்டாவது சுற்று ஆரம்பித்தது. வார இறுதிக்குள் சில இடங்களில் கணக்கு ஏழு அடியை எட்டியது. த்ருவே நெடுஞ்சாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் புதைந்து நின்றன. அதில் ஒரு பேருந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணி இருந்தது. அவர்கள் ஒரு நாளுக்கு மேல் அதற்குள்ளேயே கிடந்தார்கள். அந்த வாரம் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பனியை வாரித் தள்ளும்போது நெஞ்சுவலி வந்து இறந்தவர்களே அதில் அதிகம்.

ஒரே ஊரில் ஒரு பக்கம் ஐந்து அடி, மறுபக்கம் நான்கு விரற்கடை. இது எப்படி? குளிர் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானதுதானே?

பொதுதான். இந்தப் பனியைக் கொட்டுவது வெறும் குளிர் இல்லை. பக்கத்திலிருக்கும் ஏரியின் சூடு. அந்த ஏரியின் பெயர் ஈரி. (எழுத்துப்பிழை இல்லை, ஈரி ஏரிதான்.) அங்குள்ளவர்கள் இந்த வகைப் பனியை 'லேக் எஃபெக்ட்' என்பார்கள். தமிழில் ஏரி விளைவுப் பனி என்று எழுதுகிறோம்.

ஏரி கோடை முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. தண்ணீர் சூடாவதும் மெதுவாக, ஆறுவதும் மெதுவாக. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிரும்போது விடும் வெப்பத்தை வைத்து, 3,000 கன மீட்டருக்கும் மேற்பட்ட காற்றை ஒரு டிகிரி சூடாக்கிவிடலாம். அதோடு, மேற்பரப்புத் தண்ணீர் குளிர்ந்ததும் கனமாகிக் கீழே இறங்கும், அடியிலிருக்கும் வெதுவெதுப்பான நீர் மேலே வரும். ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வரும்வரை இந்த இடமாற்றம் ஓயாது. அதனால் நவம்பர் பாதியில், கரையில் மண் உறைந்து கிடக்கும்போதும் ஏரி நீர் 9 டிகிரி அளவில் இருக்கும். நமக்கு அது விறைக்கும் தண்ணீர். மேலே வந்து உட்காரும் துருவக் காற்றுக்கோ அது வெந்நீர் அண்டா.

மார்கழி விடியலில் பம்ப்செட் தொட்டியில் விழும் கிணற்றுத் தண்ணீர் ஆவி பறக்க விழுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் எப்போதும் உள்ள தண்ணீர்தான், காற்று குளிர்ந்துவிட்டதால் அது 'சுடுகிறது'. அதே தொட்டியை 388 கிலோமீட்டர் நீளத்துக்கும், அகலமான இடத்தில் 90 கிலோமீட்டர் அகலத்துக்கும் இழுத்துவிட்டால் ஈரி ஏரி.

அந்த வாரம் மேலே வந்த காற்று எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை. நவம்பர் தொடக்கத்தில் பசிபிக்கில் நூரி என்ற சூறாவளி வலுவிழந்து வடக்கே போய், பெரிங் கடலில் பெரும் புயலாக மறுபடி வெடித்தது. அதன் மைய அழுத்தம் 924 மில்லிபார் வரை இறங்கியது. அது மேலடுக்குக் காற்றோட்டத்தை வளைத்துவிட, ஆர்க்டிக் காற்று வட அமெரிக்காவுக்குள் சரிந்தது. ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 15 டிகிரிக்கு அருகில். கீழே ஏரி பிளஸ் 9. வித்தியாசம் 24 டிகிரி.

வானிலைக்காரர்கள் முதலில் பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான். ஏரிப் பரப்புக்கும் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்கும் இடையே குறைந்தது 13 டிகிரி வேண்டும் என்பது அவர்கள் கைக்கணக்கு. காரணம் எளிது. மேலே ஏறும் காற்று விரிந்து, ஒரு கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி வரை குளிரும். அப்படிக் குளிர்ந்தும் சுற்றியிருக்கும் காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் அது மேலும் ஏறும். 13 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏறும். 24 டிகிரி இருந்தால் பாய்ந்து ஏறும்.

ஏறும் காற்று வெறும் கையோடு போவதில்லை. ஏரியிலிருந்து ஆவியையும் அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,500 கிலோஜூல் வேண்டும். அதை ஏரிதான் கொடுக்கிறது. மேலே போய் ஆவி துளியாகவும் பனியாகவும் மாறும்போது அந்த வெப்பம் காற்றுக்குத் திரும்பக் கிடைக்கிறது. காற்று இன்னும் லேசாகி இன்னும் மேலே ஏறுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து அடிப் பனியை உருக்கினால் சுமார் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் வரும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சதுர மீட்டர் கூரையில் நூறு கிலோ எடை. அந்த நூறு கிலோவை ஏரியிலிருந்து ஆவியாக்கித் தூக்க மட்டும் செலவானது கிட்டத்தட்ட 70 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும்!

சரி, சூடும் ஈரமும் ஏரி முழுக்க இருக்கிறது. பனி மட்டும் ஏன் ஒரு பட்டையாகக் கொட்டுகிறது?

காற்றின் திசையால். ஈரி ஏரி மேற்குத் தென்மேற்கிலிருந்து கிழக்கு வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. காற்று குறுக்கே வீசினால் தண்ணீருக்கு மேல் இருக்கும் தூரம் குறைவு. சின்னச் சின்னக் கோடுகளாக மேகம் உருவாகி, அங்கங்கே கொஞ்சம் தூவிவிட்டுப் போகும். நெடுக வீசினால் அதே காற்று முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தண்ணீரைத் தடவிக்கொண்டே வரும். அப்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு கரையிலும் நிலம் ஏரியைவிடக் குளிர்ந்திருப்பதால், வடகரையிலிருந்தும் தென்கரையிலிருந்தும் நிலக்காற்று ஏரியின் நடுவை நோக்கி வருகிறது. இரண்டும் நடுவில் மோதிக்கொள்ள, போக வேறு வழியில்லாமல் மேலே எழும்புகின்றன. ஏரியின் முதுகெலும்பு மாதிரி ஒரே ஒரு நீண்ட மேகப்பட்டை. அகலம் பத்து, இருபது கிலோமீட்டர்தான், ஆனால் அதற்கடியில் மணிக்கு மூன்று நான்கு அங்குலம் பனி விழும்.

காற்று சில டிகிரி திரும்பினால், பட்டையின் கிழக்கு முனை பல கிலோமீட்டர் நகர்ந்துவிடும். தோட்டத்து ஹோஸ் குழாயைக் கையில் பிடித்து மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் தண்ணீர் விழும் இடம் எவ்வளவு தள்ளிப்போகிறதோ, அப்படி. பொதுவாகக் காற்று அலைபாயும், பட்டையும் ஊர்மேல் அங்கும் இங்கும் நகரும், பனி பங்கிடப்படும். அந்தச் செவ்வாய்க்கிழமை மணிக்கட்டு அசையவே இல்லை. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் குழாய் பீய்ச்சியது. உயரே போகப்போகக் காற்றின் திசை மாறாமல் இருந்ததும் முக்கியம். மாறியிருந்தால் பட்டை பிய்ந்துபோயிருக்கும்.

மேகத்துக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம். அங்கே இருப்பதில் பெரும்பகுதி உறையாத தண்ணீர்த் துளிகள், பூஜ்யத்துக்குப் பத்துப் பதினைந்து டிகிரி கீழே போயும்! தூசி போன்ற ஏதாவது ஒரு துணுக்கு கிடைத்தால்தான் துளி உறையத் தொடங்கும். உறைந்ததும் அந்தப் பனிப்படிகம் சுற்றியிருக்கும் துளிகளின் செலவில் கொழுக்கிறது. துளிகள் ஆவியாகும், ஆவி படிகத்தில் வந்து ஒட்டும். மைனஸ் 15 டிகிரியை ஒட்டிய அடுக்கில் இது வேகமாக நடக்கும். அங்கே வளரும் படிகம் ஆறு கைகளும் ஒவ்வொரு கையிலும் கிளைகளுமாக, மார்கழிக் கோலத்தின் நடுவில் போடும் நட்சத்திரம் மாதிரி விரிகிறது. கைகளுக்கு இடையே எல்லாம் காற்று. அதனால்தான் ஏரிப் பனி பஞ்சு போல இருக்கிறது. சாதாரணப் பனியில் பத்து அங்குலத்தை உருக்கினால் ஒரு அங்குலம் தண்ணீர். இதில் இருபது அங்குலம் உருக்க வேண்டியிருக்கலாம்.

சில சமயம் இடியும் இடிக்கும். பனி கொட்டும்போதே மின்னலும் இடியும் வருவதை முதலில் கேள்விப்பட்டபோது நானும் நம்பவில்லை. நம் ஊர் இடிமேகம் பதினைந்து கிலோமீட்டர் உயரம் போகும். இது மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஆனாலும் உள்ளே பனிப்படிகமும் குருணைப் பனியும் உரசிக்கொண்டால் மின்னூட்டம் பிரிகிறது.

பஞ்சு போன்ற பனியை அளப்பதில் ஒரு வம்பு உண்டு. வெள்ளை வண்ணம் பூசிய ஒரு பலகையை வெளியே வைத்து, அதில் சேரும் பனியை அளவுகோலால் அளந்துவிட்டுத் துடைத்துவிட வேண்டும். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் துடைக்கக் கூடாது என்பது விதி. ஏனென்றால் பஞ்சுப் பனி தன் எடையிலேயே அமுங்கும். அமுங்குமுன் அடிக்கடி அளந்து கூட்டினால் மொத்தம் கூடிவிடும். 1997 ஜனவரியில், ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே டக் ஹில் மேட்டு நிலத்தில் இருக்கும் மான்டேகு என்ற ஊரில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் என்று பதிவானது. 1921ல் கொலராடோவின் சில்வர் லேக்கில் பதிவான 75.8 அங்குலத்தைத் தாண்டிய அமெரிக்கச் சாதனை. விசாரித்துப் பார்த்தால், அளந்தவர் ஆறு முறை அளந்திருக்கிறார். சாதனை ரத்து. விதி விதிதான், ஆனாலும் அந்தக் கொட்டும் பனியில் ஆறு முறை வெளியே போய் அளந்த மனிதர் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்.

வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் (கிரேட் லேக்ஸ்) ஈரிதான் ஆழம் குறைந்தது. சராசரி 19 மீட்டர். சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும், குளிர்காலத்தின் நடுவில் பெரும்பாலும் உறைந்தும்விடும். உறைந்துவிட்டால் அண்டாவுக்கு மூடி போட்ட மாதிரி. ஆவி அடங்கிவிடும், பனியும் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஒன்டாரியோ ஏரி சராசரி 86 மீட்டர் ஆழம். முழுக்க உறைவது அபூர்வம். அதனால் டக் ஹில்லில் குளிர்காலம் முடியும்வரை பனிக்கு ஓய்வில்லை. அங்கே ஆண்டுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் விழும்.

ஏரி உறைந்துவிட்டால் பஃபலோவுக்கு நிம்மதி என்று பார்த்தால், 1977 அதைப் பொய்யாக்கியது. அந்தக் குளிர்காலத்தில் ஈரி டிசம்பர் 14க்கே உறைந்துவிட்டது. அதற்குப் பிறகு விழுந்த பனியெல்லாம் உறைந்த ஏரிமேல் பொடியாகக் கிடந்தது. ஜனவரி 28 அன்று மணிக்கு 110 கிலோமீட்டர் வேகக் காற்று அதை வாரிக் கொண்டுவந்து ஊர்மேல் போட்டது. புதிதாக வானத்திலிருந்து விழுந்தது ஓர் அடி அளவுதான். மற்றதெல்லாம் ஏரி சேர்த்து வைத்திருந்த பழைய இருப்பு. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பூமி சூடாகிறதே, பனி குறைந்துவிடாதா என்று கேட்கலாம். உடனே இல்லை. ஏரி சூடாக இருக்கும் நாளும் உறையாமல் இருக்கும் நாளும் கூடினால், அண்டா கூடுதல் நாள் திறந்திருக்கிறது என்று அர்த்தம். குளிர்காற்று வந்தால் போதும், முன்பைவிட அதிகமாகவே கொட்டலாம். காற்றும் போதிய அளவு சூடாகிவிட்டால் அப்புறம் அதே ஈரம் மழையாக விழும்.

டொராண்டோவில் உறவினர் இருப்பவர்களுக்கு ஒரு சேதி. அந்த ஊரும் ஒன்டாரியோ ஏரிக்கரைதான், ஆனால் வடமேற்குக் கரை. குளிர்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருவதால், ஏரியைத் தொடுமுன்பே அந்த ஊரைக் கடந்துவிடுகிறது. பஃபலோவில் ஓர் ஆண்டில் சராசரியாக 240 சென்டிமீட்டர் அளவில் பனி விழும். டொராண்டோவில் அதில் பாதிதான். டொராண்டோவின் ஒரு பகுதியான ஸ்கார்பரோவில் வீடு வாங்கிய நம்மவர்கள் இதையெல்லாம் யோசித்து வாங்கவில்லை என்றாலும், காற்று அவர்கள் பக்கம்.

அந்த 2014 வாரத்தின் கடைசியில் ஒரு கால்பந்து ஆட்டம் இருந்தது. அமெரிக்கக் கால்பந்தில் பஃபலோ பில்ஸ் அணிக்கும் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கும் ஞாயிற்றுக்கிழமை, பஃபலோவுக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க் மைதானத்தில். இருக்கைகள் எல்லாம் பனிக்கடியில். மைதானத்துக்குப் போகும் சாலைகளும்தான். ஆட்டத்தை ஒரு நாள் தள்ளி, திங்கள்கிழமை டெட்ராய்ட்டில் வைத்தார்கள். டெட்ராய்ட்டும் ஏரியிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் ஈரியின் மேற்கு முனைப் பக்கம். ஏரி நெடுகப் போகும் காற்று முதலில் அந்தப் பக்கத்தைத்தான் கடக்கிறது, ஈரியின் ஈரம் ஒட்டாமல். பஃபலோ பில்ஸ் 38-3 என்று ஜெயித்தார்கள். 2022 நவம்பரில் மறுபடி ஆர்ச்சர்ட் பார்க்கில் ஆறு அடிக்கு மேல் கொட்டியபோதும், ஆட்டத்தை மாற்றிய இடம் அதே டெட்ராய்ட்.