‘வெள்ளை உருண்டை’ என்றால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது

“வெள்ளையாய் ஒரு உருண்டை, டொக்டர். விழுங்கிவிட்டான்.” பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெற்றோரிடம் இதற்கு மேல் ஒரு சொல்லும் கிடைப்பதில்லை. என்ன பெயர் சொல்லி வாங்கினீர்கள் என்று கேட்டால், வாங்கியது அவர் என்பார் தாய். அவரோ வெளியே ஆட்டோக்காரருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருப்பார். போன கிழமையும் இதே கதைதான். பொறுமை போய்த்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடுகளில் வெள்ளை உருண்டையாகவோ வில்லையாகவோ இருப்பவை முக்கியமாக மூன்று. ஒன்று கற்பூரம். இரண்டாவது, சேலை அடுக்கிய அலுமாரிக்குள் போடும் நப்தலீன். மூன்றாவது பரா-டைகுளோரோபென்சீன், மலசலகூட வாசனை வில்லைகளில் பல இதனால் ஆனவை, பூச்சி உருண்டை என்ற பெயரிலும் இது விற்கப்படுகிறது. மூன்றும் மூக்கைத் துளைக்கும். மூன்றும் திறந்து வைத்தால் தானாகத் தேய்ந்து மறையும். உடம்புக்குள் போனால் மட்டும் மூன்றுக்கும் மூன்று வழி.

கற்பூரம் மூளையைப் பிடிக்கும். விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். பெரும்பாலும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். நப்தலீன் நேர்மாறானது. அன்றைக்குப் பிள்ளை சிரித்து விளையாடும். ஓரிரு நாள் கழித்துச் செங்குருதிக் கலங்கள் உடையத் தொடங்கும். சிறுநீர் வெறுந்தேநீர் நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும். பிறப்பிலேயே ஜீ-6-பீ-டீ என்ற நொதியம் குறைந்தவர்களுக்கு இது மிகக் கடுமையாக இருக்கும். (மலேரியாவுக்குக் கொடுத்த பிறிமாகுயின் குளிசை ஒத்துவராத அதே ஆட்கள்.) மூன்றாவது, இவை இரண்டோடும் பார்த்தால் அவ்வளவு பொல்லாதது அல்ல. இப்போது சொல்லுங்கள், ‘வெள்ளை உருண்டை’ என்பதை வைத்துக்கொண்டு நான் எதற்கு ஆயத்தமாவது? வலிப்புக்கா, இரத்தம் ஏற்றவா, வீட்டுக்கு அனுப்பவா?

போன கிழமை வந்த பையனின் அம்மம்மா ஒரு நல்ல வேலை செய்திருந்தார். மிச்சம் இருந்த உருண்டை ஒன்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்திருந்தார். தாதி ஒரு கிளாசில் தண்ணீர் எடுத்தார். உருண்டையைப் போட்டோம், நேரே அடியில் போய் உட்கார்ந்தது. கற்பூரமானால் வெறும் தண்ணீரிலேயே மிதந்திருக்கும். பிறகு அதே கிளாசில், இனிக் கரையாது என்னும்வரை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கினோம். உருண்டை மெல்ல எழும்பி மேலே வந்தது. ஆகவே நப்தலீன், மூன்றாவது சாமானானால் உப்புக் கரைசலிலும் தாழ்ந்தே கிடந்திருக்கும். பையனை விடுதியில் வைத்து, இரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்தபடி சில நாள் காத்திருந்தோம். இதை வாசித்துவிட்டு வீட்டில் கிளாசும் உப்பும் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். அது எங்கள் வேலை. உங்கள் வேலை உருண்டையோடு வந்து சேருவது.

இனி, என்னைக் கோபப்படுத்தும் விசயத்துக்கு வருகிறேன். “கற்பூரம்தானே டொக்டர், சாமிக்குக் கொளுத்துகிறது, அது என்ன செய்யும்?” இதை எத்தனை விதமாகத்தான் மறுப்பது! சாமிக்கு வைப்பதால் அதன் இரசாயனம் மாறுவதில்லை. மரத்தில் இருந்து எடுத்தாலும் தொழிற்சாலையில் செய்தாலும் கற்பூரம் கற்பூரம்தான். கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கிய பிள்ளையை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது நஞ்சியல் வழிகாட்டல். பத்துக் கிலோப் பிள்ளைக்கு அது 300 மில்லிகிராம், ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வில்லையைக் கையில் எடுத்து நிறுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் பூசும் மருந்துகளிலேயே 11 வீதத்துக்கு மேல் கற்பூரம் கூடாது என்று 1983இல் மட்டுப்படுத்தினார்கள். நாம் கொளுத்துவது கிட்டத்தட்ட முழுக் கற்பூரம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய பை, சாமிப்படத்தட்டில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்து கிடக்கிறது. வெல்லக்கட்டி என்று நினைத்து வாயில் போடாத பிள்ளை உண்டா?

சரி, விழுங்கிவிட்டது. என்ன செய்கிறார்கள்? பால் பருக்குகிறார்கள். கற்பூரமும் நப்தலீனும் கொழுப்பில் கரைபவை. பாலோடும் எண்ணெயோடும் சேர்ந்தால் இன்னும் இலகுவாக உடம்பில் ஏறும். தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பிள்ளையின் நெஞ்சில் பூசுபவர்களுக்கு, அது எண்ணெயில் கரையும் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? (இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதையும் தயவுசெய்து பூசாதீர்கள். தோலாலும் உள்ளே போகும்.) விரல் விட்டோ உப்புத்தண்ணீர் கொடுத்தோ சத்தி எடுக்க வைக்காதீர்கள். சத்திக்கு நடுவே வலிப்பு வந்தால் எல்லாம் நுரையீரலுக்குள் போகும். மண்ணெண்ணெய்க்கும் மலசலகூட அசிட்டுக்கும் இதே விதிதான். அவற்றைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

மழைக்காலம் தொடங்கினால் பாம்பு வராது என்று வீட்டைச் சுற்றிப் பூச்சி உருண்டை போடுகிறார்கள். பாம்பு அதற்குப் பயப்படுவதில்லை. தவழும் பிள்ளைதான் அதைப் பொறுக்குகிறது. மூத்த பிள்ளையின் உடுப்பை உருண்டை போட்டு வைத்திருந்து, அடுத்த குழந்தைக்கு அப்படியே எடுத்து உடுத்தாதீர்கள் அம்மாமாரே. பச்சைக் குழந்தைக்கு அந்த ஆவியே மஞ்சள் காமாலையைக் கொண்டுவரப் போதும். தோய்த்து, நல்ல வெயிலில் காயவிட்டு உடுத்துங்கள்.

துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற தூர ஊர்களில் இருந்து வருபவர்களுக்கு வழியிலேயே பிள்ளைக்கு வலிப்பு வரலாம். ஆட்டோ தேடி நிற்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். வலிப்பு வந்தால் பிள்ளையைப் பக்கவாட்டில் கிடத்துங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். மிச்ச உருண்டையை ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மிச்சம் இல்லையா, உறையைக் கொண்டுவாருங்கள். அதில் உள்ள ஆங்கில எழுத்தை நாங்கள் வாசித்துக்கொள்கிறோம். உறையையும் எரித்துவிட்டீர்களா? ஒருவர் பிள்ளையோடு வரட்டும், மற்றவர் வாங்கிய கடைக்கு ஓடி, அதே சாமானைக் காட்டச் சொல்லிப் பெயரைப் படம் எடுத்து அனுப்பட்டும்.