கன்ட்ரி பாடல் நாட்டுப்புறப் பாடல் ஆகாது

"டாலி பார்ட்டனின் 'ஜோலீன்' நாட்டுப்புறப் பாடல் விளக்கப்படத்தில் முதலிடம் பிடித்தது." இந்த மாதிரி வரியை இன்னும் எத்தனை தடவைதான் படிப்பது? ஒரே வரியில் இரண்டு மொழிபெயர்ப்புப் பிழை: கன்ட்ரி என்ற அமெரிக்க இசைவகையை நாட்டுப்புறப் பாடல் என்பது ஒன்று, பாட்டுகளின் தரவரிசையான 'சார்ட்'டை விளக்கப்படம் என்பது இன்னொன்று.

கன்ட்ரி என்ற சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தேசம் என்றும் பொருள், நகரத்துக்கு வெளியே உள்ள கிராமப்புறம் என்றும் பொருள். நம் 'நாடு' என்ற சொல்லும் அப்படித்தான், சோழர் கல்வெட்டுகளில் நாடு என்றால் பல ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி, நாட்டுப்புறத்தான் என்றால் கிராமத்து ஆள். அதனால் சொல்லுக்குச் சொல் பொருந்திவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாட்டுப்புறப் பாடல் என்ற பெயர் தமிழில் ஏற்கெனவே தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நடவுப் பாட்டுக்கும் தெம்மாங்குக்கும் உரியது. நா. வானமாமலை போன்றவர்கள் தேடித் தேடித் தொகுத்தது அதைத்தான். யார் கட்டிய பாட்டு என்று தெரியாது, பாடுகிறவர் நாலு வரியை மாற்றிப் பாடினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். 'ஜோலீன்' அப்படியா? என் புருஷனை என்னிடமிருந்து பறித்துவிடாதே என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கெஞ்சுகிற அந்தப் பாட்டை எழுதியது அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன், அங்கே நாஷ்வில் நகரில் ஆர்சிஏ என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டுடியோவில் பதிவாகி 1973 அக்டோபரில் இசைத்தட்டாக வந்தது. 1974 பிப்ரவரியில் பில்போர்டு இதழின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம், அதே இதழின் பொதுப் பட்டியலான ஹாட் 100-இல் 60-ஆம் இடம்தான். எழுதியவருக்கு உரிமைத்தொகை, கம்பெனிக்கு விற்பனை என்று முழுக்க முழுக்க இசைத்தொழிலில் பிறந்த பாட்டு இது.

பில்போர்டே 1944-இல் இந்தப் பட்டியலைத் தொடங்கியபோது 'ஃபோக்', அதாவது நாட்டுப்புறம் என்றுதானே பெயர் வைத்தது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 1949-இலேயே அந்தப் பெயரை விட்டுவிட்டு 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று மாற்றிக்கொண்டார்கள். அவர்களே கைவிட்ட பெயரை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? இன்னொன்றையும் பாருங்கள். 2019-இல் லில் நாஸ் எக்ஸ் பாடிய 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டை, கன்ட்ரிக்கு உரிய கூறுகள் போதவில்லை என்று கன்ட்ரி பட்டியலிலிருந்து பில்போர்டு எடுத்துவிட்டது. பெரிய சர்ச்சையானது, பாட்டு என்னவோ ஹாட் 100-இல் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒரு பத்திரிகை உள்ளே சேர்க்கவும் வெளியே தள்ளவும் முடிகிற வகைப் பெயர் இது. நம் ஒப்பாரியை அப்படி யார் வெளியே தள்ள முடியும்?

சரி, 'நாட்டிசை', 'நாட்டுப்பாடல்' என்று சுருக்கிக்கொள்ளலாமே என்றால் அதுவும் ஒத்துவராது. நாட்டுப்பண் என்றால் தேசிய கீதம், ஆகவே நாட்டுப்பாடலும் தேசப்பற்றுப் பாட்டாகத்தான் காதில் விழும். ஜாஸை ஜாஸ் என்றும் ராக்கை ராக் என்றும் எழுதுகிற நமக்குக் கன்ட்ரியை மட்டும் கன்ட்ரி என்று எழுத ஏன் கை வரவில்லை? தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்பவர்கள் 'அமெரிக்க ஊர்ப்புறப் பாணி இசை' என்று விரித்து எழுதட்டும், நீளமானாலும் பொய் இல்லை. தனித்தமிழ் மீது எனக்கும் பற்று உண்டு, ஆனால் இன்னொரு பொருளுக்கு உரிய சொல்லைப் பிடுங்கி வைத்தால் இரண்டு பொருளும் கெடும்.

அப்புறம் அந்த 'விளக்கப்படம்'. பள்ளிக்கூடச் சுவரில் தொங்குவதுதான் விளக்கப்படம், பாட்டுகளை இடவரிசையில் அடுக்குவது தரவரிசைப் பட்டியல். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டுகிற இந்தப் பழக்கத்தில் ஒரு பாட்டு மட்டும் தனியாக வெளியாவதைச் சொல்கிற சிங்கிள் என்பதும் டென்னிஸ் 'ஒற்றையர்' ஆகிவிடுகிறது. தனிப்பாடல் என்று எழுதலாம், ஆனால் காளமேகப் புலவரின் தனிப்பாடல்கள் நினைவுக்கு வரும் என்பதால் 'தனியாக வெளியான பாடல்' என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.